இளைப்பாறும் வயதில் ஓர் ஏரிக்கரை ஊர்

வயது போனவர்கள் வெளிநாடு போவது எமக்குப் புதிய செய்தி அல்ல. மகன் ஸ்பொன்சர் செய்தான், மகள் பேறுகாலத்துக்குக் கூப்பிட்டாள் என்று எத்தனையோ அம்மாமார் ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போயிருக்கிறார்கள். போனவர்கள் தொலைபேசியில் சொல்லும் கதையும் அநேகமாக ஒன்றுதான். பிள்ளைகள் விடியப் போய் இருட்டிய பின்னர்தான் வேலையால் வருகிறார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் சரியாக விளங்குவதில்லை. கோயிலுக்குப் போவதென்றாலும் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். யன்னலடியில் இருந்து பனி கொட்டுவதைப் பார்த்தபடி பொழுது போகிறது.

அதனால்தான், வெள்ளைக்காரரில் ஒரு பகுதியினர் பென்சன் எடுத்த பின்னர் தாமாகவே விரும்பி, பிள்ளைகளையும் விட்டுவிட்டு, பாஷை தெரியாத வேறொரு நாட்டின் சின்ன ஊரில் போய் இருக்கிறார்கள் என்ற கதை எமது மூத்த பெண்கள் குழுவில் வந்தபோது ஒருவருக்கும் அது பிடிபடவில்லை. பிள்ளைகள் பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்றார் ஒரு அம்மா. காசு கூடினால் இப்படித்தான் புத்தி போகும் என்றார் இன்னொருவர். இடம்பெயர்ந்தே பாதி ஆயுளைக் கழித்தவர்கள் அப்படிச் சொன்னதில் வியப்பில்லை. ஊரை விட்டுப் போவது என்றால் எமக்கு அது துரத்தப்படுவதுதான். விருப்பப்பட்டுப் போகிறவர்களுக்கு அங்கே என்ன கிடைக்கிறது என்பதை ஓர் உண்மையான ஊரை வைத்தே பார்ப்போம்.

மெக்சிக்கோ நாட்டின் மேற்கே ஹலிஸ்கோ என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் குவாதலஹாரா. அங்கிருந்து தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீற்றரில், அந்நாட்டின் மிகப் பெரிய ஏரியான சபாலா ஏரி. ஏரியின் வடகரையில் உள்ள அஹிஹிக் என்ற சிற்றூர்தான் நாம் பார்க்கப்போகும் ஊர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 11,000 பேர் வாழ்கிறார்கள். முன்பு மீன்பிடியும் தோட்டமும்தான் தொழில். இப்போது இந்த ஊரிலும் ஏரியை அண்டிய அயலூர்களிலும் ஐக்கிய அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் இளைப்பாற வந்தவர்கள் பல ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள்.

முதலாவது காரணம் காலநிலை. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எமது பண்டாரவளையை விட உயரம், நுவரெலியாவை விடத் தாழ்வு என்று சொன்னால் விளங்கும். வெப்பவலய நாடு என்றாலும் அந்த உயரத்தில் வெயில் கொளுத்தாது, குளிரும் உறைய வைக்காது. ஜூன் தொடங்கி ஒக்ரோபர் வரை மழைக்காலம், அந்த மழையும் பெரும்பாலும் பின்னேரத்துக்குப் பிறகே பெய்கிறது. கனடாவின் மாரியில் மூட்டுவலியோடு ஆறு மாதம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த ஒருவருக்கு இது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் செலவும் மிச்சம்.

இரண்டாவது காரணம் காசு. அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை மெக்சிக்கோவில் இருந்துகொண்டும் பெறலாம். அங்கே வாடகை கட்டி, மருந்து வாங்கி, மாத முடிவில் கை கடிக்கும் தொகை இங்கே வீட்டுக்கு உதவியாள் ஒருவரையும் வைத்துக்கொண்டு வாழப் போதுமானதாகிறது. வதிவிட அனுமதி கேட்கும்போதே மாதாந்த ஓய்வூதியத்தையோ வங்கிச் சேமிப்பையோ மெக்சிக்கோ தூதரகத்துக்குக் காட்டவேண்டும். முதலில் கூடியது நாலு வருடத்துக்குத் தற்காலிக அனுமதி, பிறகு நிரந்தர அனுமதி. கடற்கரையிலிருந்து 50 கிலோமீற்றருக்குள்ளும் நாட்டின் எல்லையிலிருந்து 100 கிலோமீற்றருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாகத் தம் பெயரில் காணி வாங்க முடியாது. அஹிஹிக் உள்நாட்டில் இருப்பதால் அந்தத் தடை இல்லை, உறுதியைத் தம் பெயரிலேயே முடிக்கலாம். சின்ன விடயம்போலத் தெரியும். சொந்தப் பெயரில் உறுதி இருப்பதன் பெறுமதியை எமது பெண்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

ஆனால் மலிவும் நல்ல காற்றும் மட்டும்தான் தேவை என்றால் பெரிய நகரமொன்றின் ஓரத்திலும் அவை கிடைக்கும். ஏன் சின்ன ஊர்?

நடந்து போகக்கூடிய வாழ்க்கை

அமெரிக்காவின் பல குடியிருப்புகள் காரை நம்பிக் கட்டப்பட்டவை. கடை ஒரு பக்கம், வைத்தியர் இன்னொரு பக்கம், இடையில் பல கிலோமீற்றர் தூரம். பஸ் வசதியும் குறைவு. கண்பார்வை குறைந்து காரோட்டுவதை நிறுத்தவேண்டி வரும் நாளில் அங்குள்ள ஒரு முதிய பெண் வீட்டுக்குள் சிறைப்படுகிறாள். பிள்ளைகள் அன்பாக இருந்தாலும் அவர்கள் வேறு மாநிலத்தில் இருப்பார்கள்.

அஹிஹிக்கில் காலையில் படலையைத் திறந்தால் ஏரிக்கரை நடைபாதை கிட்டத்தில். ஊர் நடுவில் தேவாலயமும் சதுக்கமும், சதுக்கத்தில் நிழல் மரங்களும் வாங்குகளும். புதன்கிழமைகளில் ஒரு வீதி முழுவதும் சந்தை கூடும். மரக்கறி, மீன், பூ, பழைய சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். எதிரே வருபவர் அறிமுகம் இல்லாதவர் என்றாலும் காலை வணக்கம் சொல்லிவிட்டுத்தான் கடந்து போவார். இரண்டு நாள் ஒருவரைக் காணவில்லை என்றால் மூன்றாம் நாள் சோளரொட்டிக் கடைக்காரி விசாரிக்கிறாள். நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களை நினைக்கும் நாட்களில் வீட்டு வாசல்களில் படம் வைத்து, மஞ்சட் பூ வைத்து, இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைக்கிறார்கள். அயலவர் பார்க்கப் போகலாம்.

இதில் என்ன புதினம் என்று நீங்கள் கேட்கக்கூடும். புதினமே இல்லை. ஒழுங்கை, சந்தி, கிணற்றடி, கோயில் வீதி என்று நாம் வாழ்ந்த வாழ்க்கைதான் இது. அந்த நாட்டவர்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கடந்து வந்து காசு கொடுத்துத் தேடுவதும் இதைத்தான். சமூகவியலில் இதற்குப் பெரிய சொற்கள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுவோம். சுனாமிக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் கட்டப்பட்ட திட்டக் குடியிருப்புகளில் கல்வீடு கிடைத்தும் அயல் கிடைக்காமல் தவித்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். வீடு நல்ல வீடு, ஆனால் அரைக் கொத்து அரிசி கடன் கேட்க ஒரு முகம் இல்லை. முதுமைக்கு என்ன தேவை என்று திட்டமிடுகிறவர்கள் சதுர அடியைக் கணக்கெடுக்கும்போது இந்த முகத்தையும் கணக்கெடுப்பது நல்லது.

இன்னொரு விடயமும் உண்டு. முப்பது வருடம் ஆசிரியராகவோ தாதியாகவோ இருந்தவர் பென்சன் எடுத்த மறுநாளே யாரும் தேடாத மனிதராகிவிடுகிறார். பழகிய ஊரில் அவர் "முன்னாள்" ஒருவர் மட்டுமே. புதிய ஊரில் எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கவேண்டும். எழுபது வயதில் ஸ்பானிய மொழியில் தக்காளி விலை கேட்கப் பழகவேண்டும், பிழையாகச் சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகவேண்டும். மூளைக்கும் மனதுக்கும் இது வேலை. வந்தவர்கள் சும்மா இருக்கவும் இல்லை. 1955இல் தொடங்கப்பட்ட சபாலா ஏரிச் சங்கம் நூலகம் நடத்துகிறது, மொழி வகுப்பு வைக்கிறது. 1965 முதல் ஒரு சிறு நாடக அரங்கும் இயங்குகிறது. வாழ்நாளில் மேடை ஏறாதவர்கள் தலை நரைத்த பிறகு ஏறி வசனம் பேசுகிறார்கள்.

நீல் ஜேம்ஸ் என்ற பெண்

இந்த ஊரின் கதையில் ஒரு பெண்ணைத் தனியாகச் சொல்லவேண்டும். நீல் ஜேம்ஸ் என்ற பெயரைப் பார்த்து ஆண் என்று எண்ணிவிடாதீர்கள். 1895இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். பெண்கள் தனியே பயணம் போவதே அதிசயமாக இருந்த காலத்தில் உலகம் சுற்றி, பயண நூல்கள் எழுதிப் பிழைத்தவர். 1940களின் தொடக்கத்தில் மெக்சிக்கோவுக்கு வந்த இடத்தில் மலையேறும்போது விழுந்து படுகாயமடைந்தார். தேறிவந்த பின்னரும் சும்மா இருக்காமல், 1943இல் ஒரு சோளத் தோட்டத்தில் புதிதாக வெடித்துக் கிளம்பிய பரிகுத்தின் எரிமலையைப் பார்க்கப் போய் மறுபடியும் காயப்பட்டார். காயம் ஆறும்வரை தங்கலாம் என்று அதே ஆண்டில் அஹிஹிக்குக்கு வந்தார். அப்போது அவருக்கு 48 வயது. பிறகு திரும்பிப் போகவில்லை.

அந்தக் காலத்து அஹிஹிக் ஏழை மீனவர் ஊர். ஏரிக்கு அண்மையில் காணி வாங்கி, வீடு கட்டி, தோட்டம் வைத்த நீல் ஜேம்ஸ், ஊர்ப் பெண்களின் கைவேலைத் திறமையைக் கவனித்தார். சட்டைகளில் பூவேலை செய்வித்தார், தறி போட்டார், முசுக்கொட்டைச் செடி நட்டுப் பட்டுப்புழு வளர்க்கவும் முயன்றார். ஏரியைப் பார்க்க வரும் பயணிகள் அவருடைய தோட்டத்துக்கும் வருவார்கள். வந்தவர்கள் அந்தச் சட்டைகளை வாங்கிப் போனார்கள். வாங்குகிற ஆள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது இதில் முக்கியம். எமது பகுதிகளில் ஒரே கிராமத்தில் இருபது பேருக்குத் தையல் மெசின் கொடுத்துவிட்டு, தைத்ததை எங்கே விற்பது என்று யோசிக்காமல் போன திட்டங்களைப் பார்த்த பின்னர் எனக்கு இந்த இடத்தை வாசிக்கும்போது கொஞ்சம் ஆதங்கமாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்கு அவர் நூலகம் வைத்தார். வாசிக்க வரும் பிள்ளைகளுக்கு வர்ணமும் கடதாசியும் கொடுத்துப் படம் வரையவும் பழக்கினார். திறமை காட்டிய சிலர் ஓவியக் கல்லூரிக்குப் போக உதவினார். அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து பெயர் பெற்ற ஓவியர்களானார்கள். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணை ஊர் தன் ஆளாக ஏற்றுக்கொண்டதற்கு அவருடைய டொலரை விட இந்த வேலைகள்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எல்லோரும் நீல் ஜேம்ஸ் அல்ல. ஸ்பானிய மொழியில் நாலு சொல்லுக்கு மேல் பழகாமல், தம் நாட்டவரோடு மட்டும் பழகி, மதில் கட்டிய வளவுக்குள் காலத்தைப் போக்குகிறவர்களும் அங்கே நிறையவே உண்டு. அவர்கள் சின்ன ஊருக்கு வந்தும் சின்ன ஊரில் வாழவில்லை.

மறுபக்கம்

ஹலிஸ்கோ, பல தலைமுறைகளாக ஆண்கள் வேலை தேடி அமெரிக்காவுக்குப் போகும் மாநிலம். 1942 முதல் 1964 வரை அமெரிக்கத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய மெக்சிக்கோவிலிருந்து இலட்சக்கணக்கானோர் போனார்கள். இன்றும் விசா இல்லாமல் உயிரைப் பணயம் வைத்து எல்லை கடக்கிறார்கள். ஒரே எல்லைதான். தெற்கிலிருந்து போகும் இளைஞனுக்கு அது வேலி, வடக்கிலிருந்து வரும் முதியவருக்கு அது வாசல். வள்ளத்தில் போன எமது பிள்ளைகளை நினைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

டொலரோடு வந்தவர்கள் கூடக்கூட வாடகையும் காணி விலையும் ஏறிவிட்டன. தகப்பன் பிறந்த ஊரிலேயே மகனுக்கு வீடெடுக்க முடியாத நிலை. வீடு கூட்டி, சமைத்து, தோட்டம் பார்த்துக் கொடுக்கும் வேலைகள் கிடைக்கின்றன என்பது உண்மை. அந்த வேலைக்காரர் மலிவான அயலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள் என்பதும் உண்மை. 2025 ஜூலையில் தலைநகர் மெக்சிக்கோ சிற்றியில் வெளிநாட்டவர் வருகையால் வாடகை உயர்வதை எதிர்த்து இளைஞர்கள் வீதியில் இறங்கினார்கள்.

இதைவிடக் கனமான விடயம் ஒன்று இருக்கிறது. போதைவஸ்துக் கும்பல்களின் வன்முறை ஹலிஸ்கோவையும் விட்டு வைக்கவில்லை. 2012 மே மாதம் குவாதலஹாராவுக்கும் சபாலாவுக்கும் இடையிலான வீதியருகே கைவிடப்பட்ட வாகனங்களில் 18 பேரின் உடல்கள் கிடந்தன. காணாமற்போனோர் பதிவுகள் மிக அதிகமாக உள்ள மெக்சிக்கோ மாநிலங்களில் ஹலிஸ்கோவும் ஒன்று. குவாதலஹாரா நகரின் பெரிய சுற்றுவட்டம் ஒன்றில் தாய்மார் தம் பிள்ளைகளின் படங்களை ஒட்டி, அதைக் காணாமல் ஆக்கப்பட்டோரின் சுற்றுவட்டம் என்றே அழைக்கிறார்கள். 2025 மார்ச்சில், தாய்மாரும் உறவினரும் சேர்ந்த தேடுதல் குழு ஒன்று தெயுச்சித்லான் என்ற இடத்துப் பண்ணை ஒன்றில் எரிந்த எலும்புகளையும் நூற்றுக்கணக்கான சப்பாத்துகளையும் கண்டெடுத்தது. அரசு தேடாததால் அவர்களே மண்வெட்டி தூக்கிக்கொண்டு போகிறார்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017இல் பந்தல் போட்டு அமர்ந்த எமது தாய்மாருக்கு இந்தப் பெண்களை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

ஏரிக்கரையில் காலை நடை போகும் வெளிநாட்டுப் பெண்ணுக்கும், அதே மாநிலத்தில் சப்பாத்துக் குவியலுக்குள் மகனின் சோடியைத் தேடும் பெண்ணுக்கும் ஒரே வயதாக இருக்கலாம். வந்து குடியேறியவரை வன்முறை பெரும்பாலும் தொடுவதில்லை. தொட்டாலும் அவருக்குப் போக இன்னொரு நாடு இருக்கிறது. அவரது நிம்மதி பொய்யென்று நான் சொல்லவில்லை. அது எங்கே தங்கி நிற்கிறது என்பதையும் பார்க்கவேண்டும்.

ஏரியும் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. குவாதலஹாரா நகரத்துக்குக் குடிநீரின் பெரும்பகுதி இந்த ஏரியிலிருந்துதான் போகிறது. 1955ஐ அண்டிய ஆண்டுகளிலும் 2001, 2002ஆம் ஆண்டுகளிலும் ஏரி பயங்கரமாக வற்றி, கரை வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. தண்ணீரைப் பார்த்து வீடு வாங்கியவர்கள் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிக் காலத்தில் யார் பார்ப்பது?

எமது அம்மாமார் கட்டாயம் கேட்கும் கேள்வி இதுதான். அறுபத்தைந்து வயதில் வருவதும் நடப்பதும் சிரிப்பதும் சரி, எண்பத்தைந்தில் விழுந்தால்? அஹிஹிக்கின் வீதிகள் உருண்டைக் கல் பதித்தவை. பார்க்க அழகு, வயது போன கால்களுக்கு ஆபத்து. அமெரிக்க முதியோருக்கான மெடிகெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதி பொதுவாக நாட்டுக்கு வெளியே செல்லாது. தனியார் காப்புறுதி எடுக்கவேண்டும், அல்லது கையால் கட்டவேண்டும், அல்லது பெரிய வருத்தம் வந்தால் திரும்பிப் போகவேண்டும். அப்படித் திரும்பிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். சோடியாக வந்தவர்களில் ஒருவர் இறந்தால் மற்றவர், அநேகமாக மனைவி, பாதி தெரிந்த மொழியில் மரண அத்தாட்சிப் பத்திரத்துக்கும் வங்கிக்கும் அலையவேண்டும். விபரம் தெரிந்தவர்கள் வந்த வருடமே மெக்சிக்கோவில் மரணசாசனம் எழுதி வைக்கிறார்கள்.

நீல் ஜேம்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1980களில், வயது எண்பதுகளின் பிற்பகுதியை எட்டியபோது, தன் வீட்டையும் பெரிய தோட்டத்தையும் சபாலா ஏரிச் சங்கத்துக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவரது சீவிய காலம் முழுவதும் அவரைப் பராமரிப்பது சங்கத்தின் பொறுப்பானது. எமது ஊரில் காணியைப் பிள்ளைக்கு எழுதும்போது சீவிய உரித்தைத் தாய் தனக்கு வைத்துக்கொண்டு எழுதுவது போன்ற ஏற்பாடு. அந்த ஒரு வசனத்தை உறுதியில் போடாமல் கையெழுத்து வைத்துவிட்டு, பிறகு மருமகளின் விறாந்தையில் பாய் விரித்துப் படுக்கும் அம்மாமாரை வேலை நிமித்தம் போகுமிடமெல்லாம் காண்கிறேன். உறுதி எழுதப் போகும்போது நொத்தாரிசிடம் இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நீல் ஜேம்ஸ் 1994இல், 100 வயதுக்குச் சில மாதங்கள் இருக்கையில், அந்த ஊரிலேயே இறந்தார். காயம் ஆறுவதற்கென்று வந்து ஏறத்தாழ 51 வருடங்கள். அவருடைய வளவில் இப்போது சங்கத்தின் நூலகம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகள் அங்கே படம் வரைய வருகிறார்கள்.